அம்மா போறணை கட்டிய மார்கழி

மாவு மூட்டைத் துணியில் தைத்த பாவாடையை உங்களில் எத்தனை பேர் உடுத்தியிருப்பீர்கள்? எழுபதைத் தாண்டியவர்கள் எல்லாரும் கை தூக்குவீர்கள் என்று நினைக்கிறேன். எத்தனை தடவை வெளுத்தாலும் அந்த நீல எழுத்து முழுசாகப் போகாது. என் பாவாடை ஒன்றில் பின்பக்கம் ஒரு கப்பல் படமும், அதற்குக் கீழே பாதி வெட்டுப்பட்ட இங்கிலீஷ் எழுத்துகளும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். ஒரே மாரிகாலத்தில் அப்படி நாலு பாவாடை எனக்குச் சேர்ந்தது. அத்தனை மூட்டை மாவு எங்கள் வீட்டில் காலியான கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே எங்களுக்குச் சாமான் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. பெரியப்பாதான் முதலாளி. அவருடைய தம்பியான என் அப்பா தராசுக்குப் பின்னால் நிற்பவர். பெரியம்மாவும் பிள்ளைகளும் இந்தியாவில், ஊரில் இருந்தார்கள். ஆகவே எங்கள் வீட்டில் பெண் என்றால் அம்மாவும் நானும்தான். பெரியப்பா சுத்த சைவம். நெற்றியில் திருநீறு இல்லாமல் கல்லாப்பெட்டியைத் திறக்கமாட்டார். அப்பா இலங்கையிலேயே கல்யாணம் செய்துகொண்டதில் அவருக்குச் சம்மதம் இல்லை. இருந்தாலும் அம்மாவின் அப்பா லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து காலமானவர் என்று கடைவீதியில் சொல்லிக்கொள்ள முடிந்தது. எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அம்மா வாயால் அதை நான் கேட்டதில்லை. அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

ரயில்வே வீட்டில் குடியிருந்த போர்ட்டர் மாமா சிங்களவர். ரம்புக்கனைப் பக்கத்துக்காரர். கீழ்நாட்டில் காய்ச்சல் வந்த அந்த மார்கழியில் அவர் எங்கள் பின்வாசலில் நின்று அம்மாவிடம் "உண, உண" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பாடு கேட்கிறார் என்று நினைத்து நான் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டை எடுத்துவந்தேன். அம்மா என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். சிங்களத்தில் உண என்றால் காய்ச்சல். மாமாவின் தங்கை அந்தக் காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மேலே வரும் ரயிலில் அந்தத் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். மூத்தவளுக்கு என் வயசு, பத்து இருக்கும். தம்பிக்கு மூன்று. மூத்தவள் அவனை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் கைகால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் பானை. தோளில் தலையைச் சாய்த்தபடி எங்கள் கடையில் தொங்கிய வாழைக்குலையைப் பார்த்தான். கேட்கவில்லை, கையும் நீட்டவில்லை. அதைத்தான் அம்மாவால் தாங்கமுடியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். மூன்று வயசுப் பிள்ளை பழத்தைப் பார்த்துவிட்டுக் கை நீட்டாமல் இருக்கிறதென்றால் அது எவ்வளவு தூரம் போய்விட்ட பிள்ளை.

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ரம்புக்கனைப் பக்கம் ஒரு கஞ்சிக் கொட்டகை போட்டிருக்கிறார்கள், பால் டின்னும் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரையும் போதவில்லை, இங்கிருந்து ஏதாவது திரட்டி அனுப்பவேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் காலம் ஆகையால், பங்களாக்களுக்குப் பணிஸ் என்கிற இனிப்பு பன்னும் ரொட்டியும் சுட்டு விற்கலாம் என்பது அவர் திட்டம்.

"துரைமார் எண்டால் ஒண்டுக்கு ரெண்டு விலை தருவினம். ஆனால் சுடுறதுக்குத்தான் ஆள் இல்லை. பேக்கரிக்காரன் கூலி கேக்கிறான்" என்று எங்கள் கடையில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கதவோரம் வந்தாள். "நான் சுடுறேன் டீச்சரம்மா."

"உங்களுக்குத் தெரியுமோ? எங்கை பழகினனீங்கள்?"

"சின்ன வயசுல பார்த்திருக்கேன்" என்றாள் அம்மா. அப்பா சட்டென்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

பெரியப்பாவை நீங்கள் கெட்டவராக நினைக்கக்கூடாது. கடைவீதியில் யாருக்கும் முன்னால் அவர்தான் மூன்று மூட்டை மாவும் ஒரு மூட்டைச் சீனியும் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முட்டை மட்டும் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"பணிஸுக்கு முட்டை வேணாங்க" என்றாள் அம்மா. வேறு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அம்மா போறணையை, ரொட்டி சுடும் செங்கல் அடுப்பை, கட்டிய விதத்தைச் சொல்லவேண்டும். ஸ்டேஷனில் பழைய விளக்கறையை இடித்துப்போட்ட செங்கல்லை மாமா தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார். களிமண்ணைக் காலால் மிதித்துக் குழைத்தது நானும் மூத்தவளும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரைபடம் எதுவும் இல்லாமல், கல்லின்மேல் கல்லாக வளைத்து வளைத்து ஏற்றினாள். கூரை மூடும் இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கல்லைச் சாய்த்து அடுக்கினாள். பிறகு உள்ளே தீ வைத்தபோது கூடை எரிந்து, கூரை நின்றது. அப்பா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு வேண்டுமென்று மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டித் தட்டி நிமிர்த்திக் கொடுத்தது அவர்தான்.

விறகு மிலாறு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சி, எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது படபடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே அடியில் சவுக்குக் கட்டை, மேலே மிலாறு. எரிந்து தணிந்ததும் தணலை வழித்து வெளியே தள்ளிவிட்டு, ஈரச்சாக்கால் போறணைத் தரையைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவைத் தூவுவாள். "எண்ணுங்க" என்பாள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்பேன். மூத்தவள் எக்க, தெக்க, துன என்பாள். பத்து வருவதற்குள் மாவு கறுத்தால் சூடு அதிகம், மறுபடி ஈரச்சாக்கு. பத்தில் பொன்னிறம் என்றால் சரி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் எண்ணமாட்டோம். அம்மா என் எண்ணிக்கையைவிட அவள் எண்ணிக்கையைத்தான் நம்பினாள். எனக்கு அது கோபம்.

மூத்தவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வரும். வராத நாளில் எங்கள் கூடவே ஓடித்திரிவாள். வருகிற நாளில், பத்து மணிக்கெல்லாம் பல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு போறணைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். வட்டகொடைக் குளிரில் அவளுக்குச் சூடான இடம் அது ஒன்றுதான். தம்பியையும் மடியில் போட்டுக்கொள்வாள். அம்மா பாலில் நனைத்த பணிஸ் துண்டை அவன் உதட்டில் வைப்பாள். சில நாள் விழுங்குவான்.

இனி கள்ளு விஷயம். அப்போது ஈஸ்ட் பொடியெல்லாம் ஏது? மாவு பொங்க வேண்டுமென்றால் கள்ளுதான். மாமா கொத்மலைக் கிராமத்திலிருந்து ஒரு மண் முட்டியில் கித்துள் மரத்துக் கள் வாங்கிவந்து, துணியால் மூடி, விறகுக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அதன் இனிப்பும் புளிப்புமான வாசம் கொட்டில் முழுக்க அடித்தது. மறுநாள் காலை கடையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "என்ன பாப்பா, உங்கம்மா எதைப் போட்டு மாவைப் பொங்க வைக்கப்போறா?" என்று சும்மாதான் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். "கள்ளு, பெரியப்பா. ஒரு முட்டி நிறைய."

அவர் ஒன்றும் கத்தவில்லை. எழுந்து பின்னால் போனார். முட்டியைத் தூக்கிச் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். நுரைத்துக்கொண்டு ஓடியது. பிறகு அப்பாவைப் பார்த்து, "அவகிட்ட சொல்லிடு. தர்மத்துக்கு மாவு குடுத்தேன். கள்ளுத் தவறணை நடத்துறதுக்குக் குடுக்கல" என்றார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா அடிக்கவில்லை. "வா இங்க" என்று அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு நீல எனாமல் கிண்ணத்தைத் திறந்து காட்டினாள். முதல் நாள் சாயங்காலமே சோதித்துப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் கள்ளில் கொஞ்சம் மாவைக் கரைத்து வைத்திருந்திருக்கிறாள். அது குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"இது உசுரோடதான் இருக்கு. இதுக்குத் தீனி போட்டா இது பெருகும். ரெண்டு நாள்ல செய்யவேண்டிய வேலையை ஒரே நாள்ல செய்யணும், அவ்வளவுதான். நீயும் நிக்கணும். விளையாடப் போறேன்னு சொல்லப்படாது."

நான் நின்றேன். அன்று முழுக்க அந்தக் கிண்ணத்துக்குத் தீனி போட்டோம். வெதுவெதுப்பான சீனித் தண்ணீர், ஒரு கை மாவு. பொங்கியதும் பெரிய சட்டிக்கு மாற்றி மறுபடி தண்ணீர், மறுபடி மாவு. சட்டியிலிருந்து அண்டா. அண்டாவிலிருந்து தேயிலைப் பெட்டி. பெட்டிகளைப் போறணையைச் சுற்றி வைத்துச் சாக்கைப் போர்த்தினோம். சாயங்காலத்துக்குள் ஒரு பெட்டியில் சாக்கே மேலெழும்பி வந்தது. ஈயம் விஷம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டிகளின் உள்ளே ஈயத்தகடு ஒட்டியிருந்தது. சுத்தமாக இருக்கிறதே என்றுதான் பெரியவர்கள் எல்லாரும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். டீச்சரம்மாவே கையால் தடவிப்பார்த்து, "நல்ல வழுவழுப்பு" என்றார்.

அந்த டீச்சரம்மா அன்று சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு வந்தார். குடை இருந்தும் நனைந்திருந்தார், அப்படி ஒரு மழை. கொட்டிலுக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு பங்களாவும் வேண்டேல்லை. கிளப்பிலை காய்ச்சல் நிதிக்கு ஏற்கெனவே காசு குடுத்துட்டினமாம். நத்தாருக்குப் பணிஸ் எல்லாம் கொழும்பிலையிருந்து வருகுதாம். கந்தப்பளை வரைக்கும் போய்ட்டு வாறன். மாவைக் கட்டி வையுங்கோ. வேறை ஏதும் யோசிப்பம்."

அம்மா சாக்கை விலக்கிக் காட்டினாள். "மாவு பொங்கிருச்சு டீச்சரம்மா. இதுக்கு நாளைக்குன்னு சொல்லிப் புரியவைக்க முடியாது."

"சுட்டு ஆருக்கு விக்கிறது?"

"நாளைக்கு லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துல சம்பளம். கொழுந்து எடுக்கிற லயத்து ஆளுங்க வாங்குவாங்க."

டீச்சரம்மா அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுகளின்ரை சம்பளத்தையே வெட்டிப்போட்டாங்கள். கடன் போக என்ன மிஞ்சும்? பணிஸ் தின்னுற சனமோ அது?"

"வாங்குவாங்க. எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் செருகிக்கொண்டு மாவுப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. பிசைந்து, உருட்டி, தகரத்தில் அடுக்கி, பொங்கவிட்டு, சீனித் தண்ணீர் தடவி, உள்ளே தள்ளி, வெளியே எடுத்து, மறுபடி தீ வைத்து, மறுபடி தணல் வழித்து, மறுபடி பத்து எண்ணி. டீச்சரம்மாகூட வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உருட்ட வந்தார். அவர் உருட்டியது ஒன்றும் உருண்டையாக இல்லை. மாமா வேலை முடிந்து வந்து கட்டை பிளந்தார். மாவு பிசைய அம்மாவின் கை ஓய்ந்தபோது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். அவர் கை மாவில் இறங்கியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பெரியப்பா கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். இரவைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, தூங்கிப்போய்விட்டேன். விடிந்து கண் விழித்தபோது அம்மா நான் கடைசியாகப் பார்த்த அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள். புருவத்தில் மட்டும் மாவு ஏறியிருந்தது. கொட்டிலில் கால் வைக்க இடம் இல்லாமல் பணிஸ். அந்த வாசத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சூடான சீனியும் லேசான புளிப்பும் புகையும் கலந்த அந்த வாசத்தை இன்றைக்கு எந்த பேக்கரியிலும் நான் கண்டதில்லை. ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஷன் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அப்பா தள்ள, அம்மாவும் டீச்சரம்மாவும் நானும் பின்னால் போனோம். மூத்தவளுக்கு அன்று காய்ச்சல் நாள், வரவில்லை. மழை விட்டிருந்தது. தோட்டத்து எல்லையில் காவல்காரன் வழிமறித்தான். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம், உங்களுக்கே தெரியும். அம்மா அவனோடு வாதாடவில்லை. வண்டியைத் திருப்பி, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், பெரிய ரோட்டு ஓரத்தில் நிறுத்தச் சொன்னாள். மேலே நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துவிட்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டு பெண்கள் இறங்கி வருகிற நேரம்.

முதலில் நாலைந்து பேர் எட்டிப்பார்த்தார்கள். டீச்சரம்மா கீழ்நாட்டுக் காய்ச்சலைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அதற்குள் கண்டாக்கையா வந்துவிட்டார். துரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். காக்கிக் கால்சட்டை, கையில் சின்னப் புத்தகம்.

"யாரு இவங்க? யாரைக் கேட்டு இங்க கடை போட்டிருக்கீங்க?"

"இது கவர்மெண்டு ரோட்டுங்க" என்றாள் அம்மா.

"ரோட்டு கவர்மெண்டோடது. ஆளுங்க தோட்டத்து ஆளுங்க. வெளியாளு வந்து அவங்ககிட்ட காசு புடுங்குறதுக்கு நான் விடமாட்டேன்." அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "வாங்குறவங்க பேரை எல்லாம் எழுதிக்குவேன்." பென்சிலை எடுத்தார். முன்னால் நின்ற பெண்கள் பின்னுக்குப் போனார்கள்.

அப்பா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்திருந்தார். "போயிடுவோமா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு கண்டாக்கையாவைப் பார்த்து, அந்தப் பாதையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் வெளியாளு இல்லீங்க. பெரிய பங்களாவுல இருபது வருசம் கோக்கியா இருந்தாரே, அவரு மக. இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன். பங்களாக் குசினியிலதான் வளர்ந்தேன்."

கோக்கி என்றால் துரை பங்களாவில் இறைச்சியும் சமைக்கிற சமையல்காரர். எனக்குக் கணக்கப்பிள்ளை பேத்தி என்று சொல்லிவைத்திருந்தார்கள். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

பெண்களுக்குள் சலசலப்பு. கூடையை நெற்றியில் மாட்டியிருந்த வயசான கொழுந்துக்காரி ஒருத்தி எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கோக்கி மகளா? அவரு பங்களாவுல கருகின ரொட்டியெல்லாம் பொறக்கிச் சாக்குல கட்டி லயத்துப் புள்ளைங்களுக்குக் கொண்டாந்து போடுவாரு. நீதான் அந்தச் சாக்கைப் புடிச்சிக்கிட்டு வருவ."

"ஆமாங்க."

"இப்ப இது எதுக்கு விக்கிற?"

"கீழ காய்ச்சல்ல புள்ளைங்க சாகுது. பாலும் மருந்தும் வாங்கி அனுப்பணும். ஒண்ணு ரெண்டு சதம்."

அவள் சேலை முடிச்சை அவிழ்த்துக் காசை அம்மா கையில் வைத்தாள். ஒரு பணிஸை எடுத்தாள். கண்டாக்கையாவுக்கு நேராகத் திரும்பி நின்று கடித்தாள். "எழுதுறதா இருந்தா என் பேரை மொதல்ல எழுதிக்குங்க சாமி" என்றாள், வாயில் பணிஸோடு.

அவர் எழுதினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கூடையோடு பெண்கள், கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள், எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி காசை மட்டும் கொடுத்துவிட்டு, "பணிஸ் வேணாம், புள்ளைங்களுக்கு அனுப்பிடுங்க" என்று திரும்பினாள். அம்மா அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கையில் பணிஸைத் திணித்தாள். "வாங்கிக்கிட்டுத்தான் போகணும். உன் வீட்டுலயும் புள்ளைங்க இருக்குல்ல." அப்போதுதான் நான் அப்பாவின் குரலைக் கேட்டேன். தன் கடையில் ஒருநாளும் கூவி விற்காத மனுசன், வண்டிச் சக்கரத்தில் ஏறி நின்று, "பணிஸ்! ரெண்டு சதம்! கோக்கி மக சுட்ட பணிஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பெட்டிகள் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே காலி. எவ்வளவு சேர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பிஸ்கட் டின் கனமாக இருந்தது, டீச்சரம்மா அதை இரண்டு கையாலும் தூக்கினார், அவ்வளவுதான் தெரியும். திரும்பும் வழியில், கடைவீதிக்குக் கிட்ட வந்ததும் அவர், "நான் அந்தச் சனத்தைப் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றார்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டது. பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே வரவில்லை. அன்று முதல் தலவாக்கலையில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் அவருக்குச் சோறு வந்தது. கோக்கி மகள் கையால் இத்தனை வருசம் சாப்பிட்டுவிட்டேனே என்று அவர் யாரிடமோ சொன்னாராம். கடைவீதியில் இரண்டு மூன்று வீடுகள் பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து போன தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பின. அடுத்த ஆண்டே அவர் ஊருக்குப் போய்விட்டார். எழுதிய கடிதங்கள் ஒன்றிலும் அம்மாவை விசாரிக்கவில்லை. அப்பா தன் கடைசிக் காலத்தில் ஒருநாள் என்னிடம் சொன்னார். "அவளுக்கு மரியாதை கிடைக்கட்டும்னுதான் கணக்கப்பிள்ளைக் கதையைக் கட்டினேன். பத்து வருசம் அவ அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசவிடாம வாயைக் கட்டிவெச்சிட்டேன். அது தப்புன்னு அந்த ரோட்டுலதான் தெரிஞ்சுது."

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த மாரிகாலம் அந்தச் சம்பள நாளோடு முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் சுட்டோம், அதற்கடுத்த சனிக்கிழமையும் சுட்டோம். பெரியப்பா கொடுத்த மூன்று மூட்டை போக, மிச்ச மாவை அப்பா தன் பங்கில் எடுத்தார். கஞ்சிக் கொட்டகைக்குப் பால் டின்கள் ரயிலில் இறங்கிப் போயின. மாமா அவற்றைத் தன் கையால் ரயில் கார்டின் பெட்டியில் ஏற்றினார்.

தை பிறந்து ஒரு வாரத்தில் சின்னவன் போய்விட்டான். டிஸ்பென்சரியில் கொய்னா கொடுத்தார்கள், அம்மா பாலைச் சங்கில் ஊற்றினாள், ஒன்றும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் மாமா அவனை ஒரு துண்டில் சுற்றிக் கையிலேயே தூக்கிப்போனார். அவ்வளவு சின்னதாக இருந்தான். மூத்தவள் அழவில்லை. வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. போறணை மூட்டவில்லை. அம்மா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீச்சரம்மா வந்து, "இந்த ஒரு கிழமை விடுங்கோ. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார். கடைக்குள்ளிருந்து பெரியப்பா அப்பாவிடம் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "இத்தனை பாடுபட்டாங்க. பக்கத்துல இருந்த ஒண்ணையே காப்பாத்த முடியல."

அம்மா எழுந்து பின்வாசலுக்குப் போனாள். நானும் போனேன்.

மூத்தவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போறணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சல் நாள். சுவர் ஈரமாக, பனி ஏறிக் குளிர்ந்துகிடந்தது. பற்கள் அடித்துக்கொள்ள, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, அது சூடாகும் என்று காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அம்மா அவளைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு குனிந்து சவுக்குக் கட்டைகளை உள்ளே அடுக்கத் தொடங்கினாள். மேலே மிலாறு. தீக்குச்சி கிழித்தாள்.

"அப்பாகிட்ட போய் ஒரு மூட்டை மாவு கேளு" என்றாள் என்னிடம். "இன்னிக்கே சுடணும்னு சொல்லு."

நானும் அப்பாவும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தீ நன்றாகப் பிடித்திருந்தது. மூத்தவள் எங்களைப் பார்த்தாள். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். கம்பளியிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, மூட்டையின் வாய்த்தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.